தழையூட்டமும் உழவர் இடரும்

(திருப்பூர் மாவட்டம் மங்கலத்தில் உழவர்க்கும் தறித் தொழிலாளர்க்கும் ஆற்றப்பெற்ற உரை)

  

மங்கலத்தில் நெல்லைப் பற்றிப் பேசுதல் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். இன்று இவ்வூரில் இராப்பகல் கேட்பது தறியொலியே. ஆயினும், வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, சாமளாபுரம் குளத்தையும் ஆண்டிபாளையம் குளத்தையும் நிரப்பிக் கிழக்கே ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யலன்றோ இம்மண்ணின் தாய்? தறியில் நிற்பவரும் பின்னலாடைப் பட்டறையில் இருப்பவரும் பெரும்பாலும் ஏர் பிடித்தவர்தம் மக்களே. ஆகலின் உழவர்மேல் சுமத்தப்படும் ஒரு பழியை இங்கு ஆராய்தல் பொருந்தும்.

அப்பழி யாது? "உழவனுக்கு உரமிடத் தெரியவில்லை" என்பதே அது. 1960-களில், குட்டை நெல் வந்த புதிதில், "இவன் அஞ்சி அஞ்சிக் குறைவாக இடுகிறான்" என்றனர். இன்றோ, "இவன் அளவின்றிக் கொட்டுகிறான், மண்ணைக் கெடுக்கிறான்" என்கின்றனர். அன்று இட்டது குறைவு. இன்று இடுவது மிகை. இரண்டுக்கும் அறியாமையே கரணியம் என்று முடிவுகட்டிவிட்டால், சொல்பவர்க்கு வேலை எளிது. ஆனால் உண்மை அஃதன்று. இரண்டிடத்தும் உழவர் செய்வது ஒன்றே. நாளை வருவது இன்னதென்று தெரியாத நிலையில், இடரை எடைபோட்டுக் கையில் உள்ளதைக் காக்க முயல்கிறார். அவர்தம் எடைக்கற்களைச் செய்து கொடுத்தவர் யார் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

சொல் காட்டும் உண்மை

பயிர் உண்ணும் முதன்மை ஊட்டங்கள் மூன்று. அவற்றைத் தமிழுழவர் தழையூட்டம், மணியூட்டம், சாம்பலூட்டம் எனப் பகுத்தழைத்தல் எத்துணைத் தெளிவு! ஒன்று தழையை வளர்ப்பது. ஒன்று மணியைத் திரட்டுவது. ஒன்று சாம்பலில் இருப்பது. அயற்பெயரை உருப்போட்டவன் அப்பெயரை மட்டுமே அறிவான்; தழையூட்டம் என்று சொல்பவனோ அது செய்யும் பணியையும் உடனறிவான். அதன் நன்மையும் தீமையும் கூட அப்பெயருக்குள்ளேயே உள்ளன. தழை வளர்ந்தால்தான் மணிக்கு உணவு சமைக்கப்படும். தழையே மிகுந்தால் மணி குறையும்.

யூரியா என்னும் வெள்ளுப்பில் நூற்றுக்கு 46 பங்கு தழையூட்டம். 2018 முதல் ஒரு மூட்டை 45 கிலோ. ஆக ஒரு மூட்டையில் இருப்பது 20.7 கிலோ தழையூட்டம். ஆனால் இட்டதெல்லாம் பயிரைச் சேர்வதில்லை. நீர் நிற்கும் நெல்வயலில் இடும் தழையூட்டத்தில் பொதுவாக மூன்றிலொரு பங்களவே பயிருக்குள் செல்கிறது. வெயிலில் சூடேறிய தேங்குநீரில் தூவினால் ஒரு பகுதி வளியாகிப் பறந்துவிடும். வயல் காய்ந்து வெடித்து மறுபடி நனைந்தால் இன்னொரு பகுதி காற்றோடு கலக்கும். மடையுடைத்து ஓடினால் ஓடையைச் சேரும். மணற்பாங்கான நிலத்தில் கீழிறங்கிக் கிணற்றைச் சேரும்.

இருமுனைக் கத்தி

தழையூட்டம் குறைந்தால் பயிர் வெளுக்கும், தூர் கட்டாது, கதிர் சிறுக்கும். மிகுந்தால் பயிர் கருகருவென்று தழைத்துக் கண்ணை நிறைக்கும். ஆனால் தண்டு மெலியும். ஐப்பசி அடைமழையில் ஒரே இரவில் படுத்துவிடும். குலைநோயும் இலையுறை அழுகலும் இலைச்சுருட்டுப் புழுவும் அத்தகைய கொழுத்த பயிரையே நாடும். புகையான் என்னும் தத்துப்பூச்சியும் அவ்வாறே. 1973-74-இல் கேரளத்துக் குட்டநாட்டில் புகையான் நெல்வயல்களை அழித்த வரலாறு, குட்டை நெல்லும் மிகையுரமும் நெருக்க நடவும் கூடிய இடத்தில் யாது நேரும் என்பதற்குச் சான்று.

பழைய உயர் நெல்வகைகளுக்கு உழவர் உரத்தைக் குறைத்தது இதனாலேயே. கூடுதலாக இட்டால் அவை சாய்ந்தன. 1966-இல் வந்த ஐ.ஆர். 8 குட்டை நெல் சாயாது நின்றது. எனவே உரத்தை ஏற்றது. அவ்வுண்மையைக் கண்ணாற் கண்டதும் உழவர் தயங்காது மாறினர். அறியாமை உடையவர் அத்துணை விரைவில் மாறுவரோ?

இன்றும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை நெல்வகைக்கேற்ப மாறுகிறது. நடுத்தர, நீண்ட வாழ்நாள் நெல்லுக்கு எக்டேருக்கு 150 கிலோ தழையூட்டம். உரத்தை மிகுதியும் ஏற்காத வெள்ளைப் பொன்னிக்கு 75 கிலோ. உழவர் மொழியில் சொன்னால், முன்னதற்கு ஏக்கருக்கு ஏறத்தாழ மூன்று மூட்டை யூரியா. பொன்னிக்கு ஒன்றரை மூட்டை. அடியுரமாக டி.ஏ.பி. ஒரு மூட்டை இட்டிருந்தால் அதிலேயே 9 கிலோ தழையூட்டம் உண்டு. அது 20 கிலோ யூரியாவுக்கு ஒப்பு. அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். அண்டை வயலில் வேறு நெல்லுக்கு மூன்று மூட்டை இட்டதைப் பார்த்துப் பொன்னிக்கும் மூன்று இட்டவர் வயல் சாய்ந்தால், அது மழையின் குற்றம் மட்டும் அன்று. எக்டேர்க் கணக்கை ஏக்கர்க் கணக்காகவும், கிலோவை மூட்டையாகவும் மாற்றி உழவர் கையில் கொடுக்காதவர் குற்றமும் அதிற் சேரும்.

கணக்கு எங்கே பிழைக்கிறது?

45 கிலோ யூரியா மூட்டையின் விலை ஏறத்தாழ 267 உருபா. 2025-26 பருவத்துக்கு நடுவணரசு பொது வகை நெல்லுக்கு அறிவித்த அடிப்படை விலை குவிண்டாலுக்கு 2,369 உருபா. அதாவது ஒரு மூட்டை யூரியாவின் விலை 11, 12 கிலோ நெல்லின் விலையே! இந்நிலையில் ஐயமுற்ற உழவர் என் செய்வார்? "ஒரு மூட்டை குறைந்து விளைச்சல் போவதினும், ஒரு மூட்டை கூடிப் பன்னிரண்டு கிலோ நெல் போவது மேல்" என்றே எண்ணுவார். அவ்வெண்ணத்தில் பிழையில்லை, ஆனால் அது முழுக் கணக்கும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. இஃது அளந்தறிந்த புள்ளியன்று. வழியை விளக்கும் கணக்கு மட்டுமே. ஓர் ஏக்கருக்கு இரண்டரை மூட்டை தகுந்த அளவு எனக் கொள்வோம். ஒருவர் தண்ணீருக்கு அஞ்சி ஒரு மூட்டையைக் குறைக்கிறார். நல்லாண்டில் அவர் 200 கிலோ நெல்லை இழக்கிறார். ஐந்தாண்டில் நான்கு நல்லாண்டு வரின் 800 கிலோ போகும். ஐந்தாண்டும் சேர்த்து அவர் மிச்சம் பிடித்ததோ 55, 60 கிலோ நெல்லின் விலை.

இன்னொருவர் இரண்டு மூட்டை கூட்டியிடுகிறார். நல்லாண்டில் 40 கிலோ கூடுதலாக விளைகிறது. நான்காண்டில் 160 கிலோ. நான்காண்டு உரச்செலவு 90 கிலோ நெல். எனவே 70 கிலோ ஊதியம் என்று மகிழ்கிறார். ஐந்தாமாண்டு மழையில் பயிர் சாய்கிறது. 400 கிலோ போகிறது. அறுவடைப் பொறி சாய்ந்த பயிரில் கூடுதல் மணிநேரம் ஓடுகிறது, வாடகையும் ஏறுகிறது. ஆக, குறைத்தவருக்கும் இழப்பு, கூட்டியவருக்கும் இழப்பு.

இங்கே நுட்பமான ஒன்று உண்டு. நான்காண்டு ஊதியம் கண்ணுக்குத் தெரியும். அது உரத்தின் புகழாகும். ஐந்தாமாண்டு இழப்பும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அது மழையின் மேல் ஏற்றப்படும். பட்டறிவே பிழையான பாடத்தைக் கற்பிக்கும் இடம் இது.

தண்ணீரே முதல் இடர்

இடரைத் தணிக்கும் வழி உரத்தை ஒரே தடவையில் கொட்டாது பகுத்திடுதலாகும். நடவின்போதும், தூர்கட்டும்போதும், கதிர் உருவாகும்போதும், கதிர் வெளிவரும்போதும் நான்கு பங்காக இடுக என்பது பல்கலைக்கழகத்தின் அறிவுரை. இதன் பயன் பயிருக்கு மட்டும் அன்று. தண்ணீர் வருமா என்று பார்த்து, வந்தபின் அடுத்த பங்கை இடலாம். வாராவிடின் அப்பங்கு வீணாகாது கையில் நிற்கும். பகுத்திடுதலே உழவரின் காப்பீடு என்க.

ஆனால் அதற்கு இரண்டு வேண்டும்: தண்ணீர் கையடக்கத்தில் இருத்தல், யூரியா வேண்டும்போது கிடைத்தல். இரண்டும் உழவர் கையில் இல்லை.

கீழ்பவானியைப் பாருங்கள். 1955-இல் முடிந்த பவானிசாகர் அணையின் கால்வாயால் 2,07,000 ஏக்கர் பயன்பெறுகிறது. அதனை இரு பாதியாக்கி, ஒரு பாதிக்கு ஆகசுட்டு 15 முதல் 120 நாளுக்கு நன்செய்த் தண்ணீர் 24 டி.எம்.சி.யும், மறுபாதிக்குப் பின்னர்ப் புன்செய்த் தண்ணீர் 12 டி.எம்.சி.யும் தருவது முறை, ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. தலைமடைக்காரர் குறித்த நாளில் நட்டுக் குறித்த நாளில் உரமிடுவார். கடைமடைக்காரருக்குத் தண்ணீர் பிந்தி வரும். வரும்போது ஒருசேர வரும். நீரை வடித்து, உரமிட்டு, ஒருநாள் கழித்து நீர்கட்டுக என்னும் அறிவுரை, வடித்த நீர் மறுபடி வரும் என்ற உறுதி உள்ளவருக்கே பயன்படும். அவ்வுறுதி இல்லாதவர் நிற்கும் நீரிலேயே தூவுகிறார், ஒரு பங்கு பறக்கிறது, பயிர் வெளுக்கிறது, மீண்டும் தூவுகிறார். இதனை அறியாமை என்பது அறமாகுமா?

காவிரிப் படுகையின் நிலை இதனினும் கொடிது. 2023 சூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. அந்நாளை நம்பி உழவர் குறுவை நட்டனர், உரமும் இட்டனர். கருநாடகத்திலிருந்து வரவேண்டிய நீர் வாராமையால் அக்தோபர் 10-இல் அணை மூடப்பட்டது. கடைமடையில் பயிர் கருகியது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 சனவரியில் மாநிலம் முழுமையும் வறட்சிக்குட்பட்டதென அறிவிக்கப்பட்டது. இவ்வாறு இருமுறை சுட்டுக்கொண்ட கை, மூன்றாம்முறை மூட்டையைப் பிரிக்குமுன் தயங்காதோ? ஆற்றுரிமை இல்லாத நாட்டில் உரப்பரிந்துரை வெறும் ஏட்டுச் சுரைக்காய்.

யூரியாவின் வரத்தும் அவ்வாறே. 2025-ஆம் ஆண்டுக் கார்ப்பருவத்தில் இந்தியாவின் பல மாநிலங்களில் யூரியாத் தட்டுப்பாடு ஏற்பட்டு, உழவர் கடைவாயிலில் வரிசையில் நின்றனர். கதிர் உருவாகும் கிழமையில் கடையில் யூரியா இராது என்று அஞ்சுபவர், கிடைத்த அன்றே வாங்கிக் கிடைத்த அன்றே இட்டுவிடுகிறார். பகுத்திடும் முறை அங்கேயே உடைகிறது. 2022 அக்தோபர் முதல் நாடு முழுமையும் யூரியா மூட்டைக்குப் 'பாரத்' என்னும் ஒரே பெயர் சூட்டி, இந்தித் திட்டப்பெயரையும் மூட்டையில் பொறித்தனர். மூட்டையின் முகத்தில் உழவருக்கு வேண்டியது அப்பெயரா? இந்நெல்லுக்கு இத்தனை மூட்டை, இன்ன நாளில் என்று தாய்மொழியில் நான்கு வரியா?

மங்கலத்துக் கரையில்

இப்பகுதிக்கென்றே இரண்டு இடர்கள் கூடுதலாக உள்ளன. ஒன்று சாயக்கழிவு. 1990-களின் தொடக்கத்தில் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை, பாய்ச்சலுக்கு நீர் தேக்க வேண்டியது சாயநீர் தேக்கிய கதையை நொய்யற் கரை அறியும். ஆற்றின் கீழ்ப்பகுதி உழவர் வழக்காடினர். 2011 சனவரியில், கழிவுநீரை முற்றும் தூய்மை செய்யாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. உப்பேறிய மண்ணில் வேர் நீரை உறிஞ்சவே இடர்ப்படும். பயிர் வெளுப்பதைக் கண்டு யூரியாவைக் கூட்டினால் நோய் ஒன்று, மருந்து வேறொன்று ஆகும். அங்கே முதலில் வேண்டுவது நல்ல நீரும் மண்ணாய்வுமே.

மற்றொன்று ஆள்வலி. பட்டறைக் கூலிக்கு ஈடாக வயற்கூலி தர இயலாது. சிறுநிலமுடையவர் பலர் கிழமை முழுதும் தறியிலோ பட்டறையிலோ நின்று, ஞாயிறன்று வயலுக்குச் செல்கின்றனர். நான்கு தடவை இடவேண்டியதை இரண்டு தடவையில் முடிப்பது சோம்பலன்று, நேரமின்மை. அதனால் உரம் வீணாவதும் பயிர் சாய்வதும் உண்மையே. ஆனால் அந்த இழப்பின் வேர் வயலில் இல்லை, கூலிக்கணக்கில் உள்ளது.

அறிஞர் கண்டவை

உழவரின் அச்சத்தை அறிஞரும் அளந்து பார்த்துள்ளனர். பிலிப்பைன் நெல்லுழவரை ஆராய்ந்து 1976-இல் நூல் வெளியிட்ட சேம்சு ரௌமாசெட்டு, உழவர் உரத்தைக் குறைப்பதற்கு அச்சமே முழுக்கரணியம் என்னும் கருத்தை ஐயுற்றார். ஆன்சு பின்சுவாங்கர் என்பார் மராட்டிய, ஆந்திரச் சிற்றூர்களில் உண்மைப் பணத்தைப் பரிசாக வைத்து உழவரின் இடரஞ்சும் இயல்பைச் சோதித்து 1980-இல் முடிவை வெளியிட்டார். பெரும்பாலோர் நடுத்தர அளவில் இடரஞ்சுவோரே. செல்வர்க்கும் ஏழைக்கும் இவ்வியல்பில் பெரிய வேறுபாடு இல்லை என்பது அவர் கண்டது. அவ்வாறாயின் செல்வர் துணிந்து இடுவதும் ஏழை தயங்குவதும் எதனால்? நெஞ்சின் வேறுபாட்டால் அன்று. கடன் கிடைப்பதிலும் நீர் கிடைப்பதிலும் இடுபொருள் கிடைப்பதிலும் உள்ள வேறுபாட்டால். விழுந்தால் தாங்க ஆளிருப்பவன் ஏறுவான். இல்லாதவன் கீழேயே நிற்பான்.

பயிர்க்காப்பீடு தாங்காதோ எனின், 2016 முதல் நடைபெறும் திட்டத்தில் உழவர் செலுத்தும் பங்கு கார்ப்பருவத்துக்கு 2 விழுக்காடு, பின்பருவத்துக்கு 1.5 விழுக்காடு என்பது உண்மையே. ஆனால் இழப்பு பெரும்பாலும் ஊர்முழுமைக்குமான நிரவல் விளைச்சலைக் கொண்டே அளக்கப்படுகிறது. ஊர் விளைந்து ஒருவர் வயல் மட்டும் புகையானால் புகைந்தால் அவருக்கு அதில் ஈடில்லை.

ஈழம் தரும் பாடம்

வெள்ளுப்பை ஒரேயடியாக விலக்குக என்பாரும் உளர். அவர் 2021-இல் இலங்கையில் நிகழ்ந்ததை எண்ணுக. அவ்வாண்டு அந்நாட்டரசு வேதியுர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. நவம்பரில் தடையை நீக்கியது. அதற்குள் பருவம் கெட்டது. 2021-22 பெரும்போக நெல்விளைச்சல் முன்னாண்டைவிட மூன்றிலொரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. கிளிநொச்சியின் இரணைமடுக் கீழும் மன்னாரின் கட்டுக்கரைக்குளத்தின் கீழும் உழுதுண்ட தமிழுழவர், போரிற் பட்டது போதாதென்று இவ்வாணையாலும் பட்டனர். இயற்கை உரம் நன்று. ஆனால் மண்ணை அணியமாக்காது, மாற்றுரம் கொடாது, ஒரே கையெழுத்தில் திணிக்கும்போது அதுவும் உழவர் தலைமேல் விழும் இடரே. மாற்றம் படிப்படியாக வரவேண்டும். மாறுங்கால் வரும் இழப்பை ஆணையிட்டவர் தாங்க வேண்டும்.

செய்யத் தக்கவை

திருக்குறளின் உழவுப் பகுதியில் வள்ளுவர் பெருமான் எருவிடுதலை உழுதலுக்கு மேலாகவும், பயிரைக் காத்தலை நீர் பாய்ச்சலுக்கு மேலாகவும் வைத்தார். எருவும் காவலும் இணைந்தே நிற்கும் என்பது இன்றைய இடர்க்கணக்கின் சுருக்கமன்றோ?

உழவர் தம் கையளவில் செய்யத்தக்கவை சில. நடுமுன் தக்கைப்பூண்டோ சணப்போ கொழிஞ்சியோ வளர்த்து எக்டேருக்கு 6.25 டன் மடக்கி உழுதால், தழையூட்டத்தின் ஒரு பகுதி மண்ணிலேயே சேமிப்பாகும். கடையில் யூரியா இல்லாத கிழமையிலும் பயிர் பட்டினி கிடவாது. இப்போது யூரியா வேம்பெண்ணெய் பூசியே வருகிறது. 2015 முதல் அது கட்டாயம். அதன்மேலும் ஐந்து பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு வேப்பம்பிண்ணாக்குக் கலந்து ஓரிரவு வைத்து இட்டால் கரைவு இன்னும் மெல்ல நிகழும். நட்ட 14-ஆம் நாள் முதல் கிழமைக்கொருமுறை இலைநிற அட்டையை இலையோடு ஒப்பிட்டு, வெள்ளைப் பொன்னியாயின் 3-க்கும் பிற நெல்லாயின் 4-க்கும் கீழே நிறம் இறங்கும்போது மட்டும் இடலாம். அண்டை வயலைப் பார்த்து இடுவதற்கும் தன் பயிரைப் பார்த்து இடுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அரசு செய்யத்தக்கவை வேறு. கடைமடைக்குத் தண்ணீர் வரும் நாளை முன்னறிவித்து அதனைக் காத்தல். கதிர் உருவாகும் காலத்துக்கு யூரியாவை ஒவ்வோர் ஊர்க் கூட்டுறவுக் கடையிலும் இருப்பு வைத்தல். மண்ணாய்வு முடிவை மூட்டைக் கணக்கில், தமிழில் தருதல். தனிவயல் இழப்புக்கும் ஈடு தருதல். ஆற்றைச் சாயத்தினின்று காத்தல். இவை நிறைவேறியபின்னும் உழவர் அளவு தப்பினால் அப்போது அவரைக் குறைகூறலாம்.

பெருமக்களே! ஒரு மூட்டை யூரியாவைப் பிரிக்கும் உழவர் கையில் இருப்பது வெறும் உப்பன்று. அணையின் நீர்மட்டமும், கடைக்காரரின் இருப்பும், வட்டிக்காரரின் ஏடும், ஐப்பசி வானமும் அந்தப் பிடிக்குள் உள்ளன. அத்தனையையும் எடைபோட்டுத் தூவுகின்ற கையை அறியாக் கை என்று இகழ வேண்டா. அந்தக் கை நடுங்காதிருக்க வழி செய்க.

வாழ்க உழவர்! வாழ்க தமிழ்!